நிற்காமல் வாசிக்கிறவள்

அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒன்பதாம் வகுப்பில் பாடம் வாசிக்க ஒரு முறை இருந்தது. யார் ஏற்படுத்தினது என்று யாருக்கும் தெரியாது, மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றினதும் இல்லை. ஒருத்தர் எழுந்து புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வரி சொல்ல வேண்டும். மற்ற எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தகரக் கூரை மேல் மழை கொட்டினாலும் அந்தச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். ரோட்டில் போகிறவர்கள், பரவாயில்லையே, பிள்ளைகள் படிக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு போவார்கள். உள்ளே பாதிப் பேர் கூட்டத்தோடு கோவிந்தா போடுகிறவர்கள் என்பது ரோட்டுக்கு எப்படித் தெரியும்?

முன்னால் நின்று வரி சொல்கிறவருக்கு நல்ல குரல் வேண்டும். செம்மநத்தம் ஐயாக்கண்ணுவின் மகள் வெண்ணிலாவுக்குக் குரல் அப்படி அமைந்திருந்தது. தோட்டத்தில் மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் ஏறி நிற்கிற அப்பனை, கீழே வீட்டு வாசலில் நின்று ஒரே கூப்பாட்டில் இறக்கிவிடுகிற குரல். போன வருசமே அவளை லீடர் ஆக்கிவிட்டார்கள். திக்காமல், திணறாமல், எங்கும் நிற்காமல் வாசிப்பாள். இன்ஸ்பெக்ஷனுக்கு யார் வந்தாலும் தலைமை ஆசிரியர் முதலில் அவளைத்தான் எழுப்புவார்.

எல்லாம் சரிதான். ஒரே ஒரு சங்கடம், வெண்ணிலாவுக்கு வாசிக்கத் தெரியாது.

எழுத்து தெரியாது என்றும் சொல்ல முடியாது. தனித்தனியாகப் பார்த்தால் கவும் சவும் தெரிந்த முகங்கள்தான். கொம்பு, கால், சுழி எல்லாம் சேர்ந்து ஒரு வார்த்தையாக வந்து நின்றால் யார் யார் என்று பிடிபடாது. கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடினபோது அவள் மூன்றாவது முடிக்கிற தறுவாயில் இருந்தாள். திறந்தபோது ஐந்தாவதில் உட்கார வைத்தார்கள். நடுவில் பாடம் போனில் வந்ததாம். மலை மேல் இருக்கிற செம்மநத்தத்தில் போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் பாறை மேல் ஏறி நிற்க வேண்டும், அந்தப் போனும் அப்பனோடு தோட்டத்துக்குப் போய்விடும். அவள் ஆடு பார்த்தாள், கொய்யா பறித்தாள். திரும்பி வந்தபோது எல்லோரும் கூட்டமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள், அவளும் சேர்ந்துகொண்டாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவளைக் காப்பாற்றியது ஹரிணி. ஹரிணிக்கே அது தெரியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிற பிள்ளை, வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். மறுநாள் பாடத்தைப் போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் சத்தமாகப் படிப்பாள். வெண்ணிலா ஜன்னல் வழியே சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டு வருவாள். காதில் விழுந்த பேச்சு, பாவாடையில் ஒட்டுகிற நாயுருவி மாதிரி அவளிடம் ஒட்டிக்கொள்ளும், தட்டினாலும் போகாது. எந்த வார்த்தையில் ஹரிணி பக்கம் திருப்புகிறாள் என்பதையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்வாள். வகுப்பில் அந்த வார்த்தை வந்ததும் இவளும் திருப்புவாள். பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்துப் படம் வரைகிற மாதிரி வரைந்துவிடுவாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் ஐயாக்கண்ணு அவளைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுப்பார். அவர் கைநாட்டு. “எம் புள்ள வாசிச்சான்னா நிக்கறதே இல்லீங்க, தண்ணி ஓடற மாதிரி ஓடும்” என்பார். வெண்ணிலா ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து, தெரிந்த பாடத்தைச் சொல்லுவாள். அவர் அப்போது அவள் முகத்தைப் பார்ப்பாரே, அந்தப் பார்வைக்காக அவள் இன்னும் பத்து வருசம்கூட நடித்திருப்பாள். ஒருநாள் அந்த முகம் மாறிவிடும் என்பதைவிட அவளுக்குப் பயம் வேறு எதிலும் இல்லை.

கார்த்திகை மாதம் மேலே இருந்து ஒரு உத்தரவு வந்தது. ஆறாவது முதல் ஒன்பதாவது வரை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். வராதவர்களைத் தனி வகுப்பில் உட்கார வைத்து அடியிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். நல்ல உத்தரவுதான். லேப் ரூமை அதற்கு ஒதுக்கினார்கள். அங்கே கொடுத்த புத்தகத்தில் வாத்துப் படமும் பலூன் படமும் போட்டிருந்தது. மீசை அரும்புகிற பையன் வாத்தைப் பார்த்து என்ன செய்வான்? போகிற வழியில் புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் அந்த வகுப்புக்கு ‘பால்வாடி’ என்று பெயர் வைத்தார்கள்.

ஒன்பதாவதுக்குச் சோதனை வைத்தவர் தமிழ் டீச்சர் ஆன்மேரி. ஒருத்தர் வாசிப்பதைக் கேட்டு அடுத்தவர் ஒப்பித்துவிடக் கூடாது என்று கவனமாக ஆளுக்கொரு அட்டை தயார் செய்திருந்தார், ஒவ்வொன்றிலும் ஒரு படமும் அதன் கீழே நாலைந்து வரியும். அவ்வளவு கவனமானவர்தான். ஆனால் மார்க்கை அன்றைக்கே போனில் ஏற்ற வேண்டும், பள்ளிக்கூடத்துக்குள் சிக்னல் இல்லை, கேட் பக்கத்தில் போய் நின்றால்தான் சுற்றுகிற சக்கரம் நகரும். பாதி வகுப்பைக் கேட்டு முடித்தவர் பொழுதைப் பார்த்தார்.

“வெண்ணிலா, பின் பெஞ்சுப் பசங்களை நீ கேட்டு முடிச்சிரு கண்ணு. சரியா வாசிச்சா டிக், இல்லன்னா இன்ட்டு.”

“எனக்கு டெஸ்ட் இல்லீங்களா டீச்சர்?”

“உனக்கென்ன டெஸ்ட்டு?” என்று சிரித்துவிட்டு, அவள் பெயருக்கு நேராக டிக் போட்டுவிட்டுப் போனார்.

வெண்ணிலா டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டியல் பெஞ்சு வரிசைப்படி இருந்ததால் பெயரை வாசிக்க வேண்டிய வேலை இல்லை. முதல் ஆள் பாலகுமார். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்களே, அது அவனைப் பார்த்துத்தான் சொன்னது. அட்டையில் தேனீ படம் இருந்தது. “தேனீ பூவுக்குப் பூ பறந்து தேன் சேகரிக்கும். அது மனிதர்களுக்கு உழைப்பைக் கற்றுத் தருகிறது” என்று மடமடவென்று கொட்டினான். வெண்ணிலா டிக் போட்டாள்.

அடுத்து ஜீவா. எஸ்டேட் லைன் வீட்டுக் காளியப்பனின் மகன், ஒல்லிப் பையன், வகுப்பில் வாயே திறக்காதவன். கூட்டமாக வாசிக்கும்போதும் உதடுதான் அசையும். அவன் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, விரலை வைத்து, “மழை… மழைக்கு… மழைக்கு முன்… முன்னால்… எறும்பு…” என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்றான். போன வார்த்தைக்குத் திரும்பிப் போனான். நெற்றியில் வேர்த்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாலு வரி முடிய நாலு மைல் நடந்த மாதிரி ஆகிவிட்டது. வெண்ணிலாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேலை என்று வந்தால் பாவம் பார்க்க முடியாது என்று இன்ட்டு போட்டாள்.

அடுத்த வாரமே ஜீவா லேப் ரூமுக்குப் போனான். ஓரிரு நாள் உட்கார்ந்திருப்பான். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அந்த அட்டைகள் டீச்சர் மேஜையில் கிடந்தன. ஹரிணி சும்மா இருப்பாளா? எடுத்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். “மழைக்கு முன்னால் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகின்றன” என்று அவள் படித்ததும் வெண்ணிலாவின் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. ஜீவா சொன்னதும் இதையேதான். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவன் நின்று நின்று சொன்னதை ஹரிணி நிற்காமல் சொல்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்து தேனீ அட்டை வந்தது. “தேனீக்களின் கூட்டில் ஒரே ஒரு ராணி இருக்கும்” என்று ஆரம்பித்தாள் ஹரிணி. பாலகுமார் சொன்ன உழைப்பும் மனிதர்களும் அதில் எங்குமே இல்லை.

திருடனுக்குத் தேள் கொட்டின கதை ஆகிவிட்டது வெண்ணிலாவுக்கு. கத்தவும் முடியாது. ஜீவா சரியாகத்தான் வாசித்தான் என்று சொன்னால், பிறகு ஏன் இன்ட்டு போட்டாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் எல்லாம் போச்சு. லீடர் போகும், அப்பன் முகம் போகும், வாத்துப் புத்தகத்தை ஒளித்துக்கொண்டு போகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. வாயை மூடிக்கொண்டாள். பஸ் எஸ்டேட்டைத் தாண்டும்போது இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு காப்பிப் பழம் பறிக்கிற ஆட்களில் ஜீவாவைக் கண்டாள். அவன் பஸ்ஸைப் பார்த்ததும் செடிக்குள் தலையை இழுத்துக்கொண்டான். 

அதற்கு அடுத்த வாரம் காளியப்பன் மகனைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சலவைச் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், கையில் மடித்த காகிதம். தலைமை ஆசிரியர் சேலத்துக்கு மீட்டிங் போயிருந்தார். ஆபீஸ் ரூமில் ஆன்மேரி டீச்சர்தான் இருந்தார். வருகைப் பதிவேட்டை வைக்கப் போன வெண்ணிலா கதவுப் பக்கம் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏனுங்க டீச்சர், கடுதாசி குடுத்துட்டுப் போலாமின்னு வந்தனுங்க.”

“என்ன கடுதாசிங்க?”

“பையனை நிறுத்தறதுக்குங்க. ரைட்டர்கிட்டச் சொல்லி முறையா எழுதி வாங்கியாந்தனுங்க. எஸ்டேட்டுல கடுதாசி குடுக்காம நின்னா அப்பறம் ஒருநாளும் பேர் ஏறாதுங்க. நாளைக்கு உங்ககிட்ட ஒரு சொல்லு வரக்கூடாது பாருங்க.”

காளியப்பனின் அப்பன் காலத்திலிருந்து அவர்களுக்குத் தெரிந்த நடைமுறை அது. எந்த இடத்தை விட்டும் சொல்லாமல் போவது மரியாதை இல்லை, சொல்வதென்றால் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிட்டார். சேலத்தில் மச்சான் ஒருத்தர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், பையனை அங்கே விடப் போகிறார்.

“பதினாலு வயசுப் பையனைப் பட்டறைக்கா? தப்புங்க அது. இங்க தனி வகுப்பு எடுக்கறோமில்ல, கொஞ்ச நாள்ல பிடிச்சுக்குவான்” என்றார் டீச்சர்.

“ஒம்பது வருசமா வராதது இனி எங்கீங்க வரப் போவுது? அவனும் மாட்டேங்கறான். வாத்துப் படம் பாக்கவா போறேன்னு அழுவறான். படிப்பு வராதுன்னு நீங்களே டெஸ்ட்டு வெச்சுச் சொல்லிப் போட்டீங்க. சரி, கைத்தொழிலாவது கத்துக்கட்டும்.”

ஜீவா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெண்ணிலா பதிவேட்டை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். கால் போகவில்லை.

“டீச்சர், அவன் சரியாத்தான் படிச்சானுங்க. நான்தான் தப்பா இன்ட்டு போட்டுட்டேன்.”

“அது எப்படித் தப்பாகும்?”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க டீச்சர்.”

ஆன்மேரி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அவருக்கு நல்ல மனசுதான், அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. “ஃபிரெண்டுக்காக இப்படியெல்லாம் சொல்லக் கூடாது வெண்ணிலா. நீ போ.”

“நெசமாலுமேங்க டீச்சர்.”

இந்த உலகத்தில் படிக்கத் தெரியும் என்று நிரூபிக்க ஆயிரம் வழி இருக்கிறது. தெரியாது என்று நிரூபிக்க என்ன வழி? டீச்சர் அவளைச் சீக்கிரம் அனுப்பிவிடுவதற்காக, காளியப்பனின் காகிதத்தையே பிரித்து அவள் கையில் கொடுத்தார். “அப்படியா? சரி, இதை வாசி பார்க்கலாம்.”

வெண்ணிலா காகிதத்தைப் பார்த்தாள். ரைட்டரின் எழுத்து ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு ஓடியது. அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

“நடிக்காதே” என்றார் டீச்சர், இப்போது கொஞ்சம் கடுப்பாக. காகிதத்தை வாங்கி ஜீவாவிடம் நீட்டினார். “நீ வாசிடா. இவ சொல்றது நெசமான்னு பார்ப்போம்.”

ஜீவா அப்பனைப் பார்த்தான். அப்பன் தலையாட்டினார். காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய் விரலை வைத்தான்.

“மதிப்… மதிப்பிற்குரிய… தலைமை… ஆசி… ஆசிரியர்… அவர்களுக்கு…”

வெளியே யாரோ மணி அடித்தார்கள், பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. அவன் நிறுத்தவில்லை, அதாவது நிறுத்தி நிறுத்திப் போய்க்கொண்டே இருந்தான். எஸ்டேட் தொழிலாளி காளியப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது என்ற இடத்தில் அப்பனின் பெயரைக் கண்டு ஒரு விநாடி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தான்.

“என்… மகன்… ஜீவாவுக்கு… எழுதப்… படிக்க… வராது… என்று… தங்கள்… பள்ளியி… பள்ளியிலேயே… தீர்… தீர்மானித்து… விட்டபடியால்…”

ஆன்மேரியின் கை மேஜை மேல் இருந்த பேனாவைப் பிடித்தபடி இருந்தது. எட்டிப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாக அவனோடு கூடவே போனார். ஒன்று தப்பவில்லை. “இனிமேல் அவனைப் பள்ளிக்கு அனுப்பிப் பிரயோசனம் இல்லை” என்ற வரியையும் அவன் விடாமல் வாசித்தான். கையெழுத்துக்குப் பதில் வைத்த கைநாட்டு வரைக்கும் வந்து நின்றான். காளியப்பன் ஸ்வெட்டர் நுனியை இழுத்து இழுத்து விட்டார். தான் சொல்லி எழுதின சொல்தான், ஆனால் பிள்ளை வாயிலிருந்து கேட்டபோது அவருக்குத் தாங்கவில்லை.

“இப்ப நான் வாசிக்கறனுங்க டீச்சர்” என்றாள் வெண்ணிலா.

டீச்சர் காகிதத்தை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து ஆரம்பித்தாள். “மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, எஸ்டேட் தொழிலாளி காளியப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது…” வகுப்பில் வாசிக்கிற அதே குரல், அதே ஓட்டம். ஆன்மேரி காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்து பிசகவில்லை. இரண்டு வருசமாகத் தினமும் தான் கண்ணை மூடி ரசித்த வாசிப்பு இதுதான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“எல்லாப் பாடமும் இப்படித்தானா?”

“ஆமாங்க டீச்சர்.”

காளியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஏனுங்க, எம் பையன் மென்னு மென்னு துப்பறான், அவனுக்குப் படிக்கத் தெரியுமுங்கறீங்க. இந்தப் புள்ள காயிதம்கூட இல்லாமக் கொட்டுது, அதுக்குத் தெரியாதுங்கறீங்க. என்ன பள்ளிக்கூடமுங்க இது?”

நியாயமான கேள்விதான். ஆன்மேரி திரும்பினார். வெண்ணிலாவிடம் கேட்டார். “அவன் சரியா வாசிச்சதுக்கு ஏன் இன்ட்டு போட்டே?”

“நின்னு நின்னு படிச்சானுங்க. படிக்கத் தெரிஞ்சவங்க நிக்க மாட்டாங்கன்னு நெனச்சனுங்க.”

ஜீவா அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் கூட வரவில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. “நிக்காம எப்படி, என்ன எழுதியிருக்குதுன்னு பாக்கறது?” என்று கேட்டான். அந்த வருசத்தில் அவன் அந்தப் பள்ளிக்கூடத்தில் பேசின மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

காளியப்பன் கையை நீட்டினார். “அந்தக் கடுதாசியக் குடுங்க டீச்சர். ரைட்டர்கிட்டத் திருப்பிக் குடுத்தர்றேன். பொய்க் கடுதாசில எம் பேரு எதுக்குங்க?” வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகன் தோளில் கை வைத்தார். “வகுப்புக்குப் போ சாமி” என்றார். ஜீவா போனான்.

வெண்ணிலா நின்றாள். “பாலகுமாரையும் இன்னொருக்காக் கேளுங்க டீச்சர். அவனுக்கு நான்தான் டிக் போட்டேன்” என்றாள். அதற்காகப் பாலகுமார் ஒரு மாசம் அவளோடு பேசவில்லை.

அன்றைக்கு மத்தியானம் லேப் ரூமில் ஆன்மேரி டீச்சர் அவளுக்கு வாத்துப் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இன்னும் நடத்தாத ஒரு பாடத்தைப் பிரித்து வைத்தார். “மெதுவாப் போ. நான் கேட்டுட்டு இருக்கேன்” என்றார். வெண்ணிலா விரலை வைத்தாள். முதல் எழுத்து தெரிந்தது. இரண்டாவதில் கொம்பு எந்தப் பக்கம் என்று குழம்பியது. திரும்பிப் போனாள், மறுபடி வந்தாள். வகுப்பு முடிகிறபோது அவள் ஒரு வரியைத் தாண்டியிருக்கவில்லை. வேர்த்துப் போயிருந்தது. ஆனால் அந்த ஒரு வரியை அவளுக்கு யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பக்கத்துத் தோட்டத்துப் பெருமாள் அப்பனோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐயாக்கண்ணு வழக்கம்போலக் கூப்பிட்டார். “வா கண்ணு, இவருக்கு ஒரு பாடம் வாசிச்சுக் காட்டு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறார்.”

தெரிந்த பாடங்கள் எல்லாம் தொண்டையில் வரிசையாக வந்து நின்றன. அவள் புத்தகத்தைப் பிரித்தாள். மத்தியானம் பிரித்த அதே பக்கத்தை எடுத்து, விரலை வைத்து, முதல் வார்த்தையைச் சொல்லிவிட்டு நின்றாள். இரண்டாவதைக் கூட்டிக் கூட்டிச் சொன்னாள். மறுபடி நின்றாள். பெருமாள் டம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தார். ஐயாக்கண்ணுவின் முகம் அவள் பயந்தது போலவே மாறியது.

“ஏங் கண்ணு, தொண்டை கிண்டை கட்டிக்கிச்சா?”

“இல்லீங்கப்பா” என்றாள், விரலை எடுக்காமல். “படிக்கறனுங்க.”